விழித்திருப்பதும் ஒரு வேலை

இரவில் நம் தோட்டத்துக்கு மேலே விளக்குகள் மின்ன ஆகாய விமானம் ஒன்று போகிறது. அதை ஓட்டுவது யார் என்று பிள்ளைகளைக் கேட்டால், "விமானி" என்று பட்டென்று சொல்லிவிடுவார்கள். அது முழு விடையன்று. விமானம் தரையை விட்டுக் கிளம்பும்போது விமானி தம் கையால் ஓட்டுகிறார். சில நிமிடங்கள் சென்றதும் ஒரு பொத்தானை அழுத்தி, ஓட்டும் வேலையை இயந்திரத்திடம் ஒப்படைத்துவிடுகிறார். அதன் பிறகு, இறங்கும் நேரம் நெருங்கும் வரையில், திசை, உயரம், வேகம் யாவற்றையும் அந்த இயந்திரமே கவனித்துக்கொள்கிறது.

அப்படியானால் அத்தனை மணி நேரமும் விமானி என்ன செய்கிறார்? இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "சும்மா பார்த்துக்கொண்டிருப்பதற்கா சம்பளம்?" என்று நமக்குத் தோன்றலாம். ஆனால், மனிதனுக்கு மிகக் கடினமான வேலைகளுள் அதுவும் ஒன்று. அது ஏன் கடினம், அதனால் என்னென்ன ஆபத்துகள் நேர்ந்தன, அவற்றைத் தடுக்க என்ன வழி கண்டார்கள் என்பதையெல்லாம் இன்று பார்ப்போம். ஆலையில் பாய்லர் பார்ப்பவர், இரவில் ஜாகா வேலைக்குப் போகிறவர், நெடுந்தூரம் லோரி ஓட்டுகிறவர் ஆகியோரின் வீடுகளுக்கும் இச்செய்தி பயன்படும்.

முதலில், இந்த இயந்திரம் எப்படி வந்தது என்று பார்ப்போம். பிள்ளைகள் பம்பரம் விடுவதை நாம் பார்த்திருக்கிறோம். வேகமாகச் சுற்றும் பம்பரம் சாயாமல் நிமிர்ந்து நிற்கும். வேகம் குறைந்தால்தான் தள்ளாடும். சுழலும் பொருள் தன் நிலையை எளிதில் மாற்றிக்கொள்ளாது என்ற இந்த உண்மையை வைத்தே தானியங்கி விமானி என்னும் கருவியைச் செய்தார்கள். கருவிக்குள் ஒரு சக்கரம் மிக வேகமாகச் சுழலும். விமானம் ஒரு பக்கம் சாய்ந்தாலும் அந்தச் சக்கரம் சாயாது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டு, விமானத்தின் இறக்கைப் பலகைகளைக் கருவியே அசைத்து நேராக்கிவிடும்.

1914ஆம் ஆண்டு ஜூன் மாதம், பிரான்ஸ் நாட்டில் பாரிஸ் நகருக்கு அருகே சேன் ஆற்றின் மேல் இக்கருவியைப் பலரும் பார்க்கச் சோதித்துக் காட்டினார்கள். ஓட்டியவர் லாரன்ஸ் ஸ்பெர்ரி என்ற அமெரிக்க இளைஞர். அவருக்கு அப்போது வயது 21. ஆற்றின் இரு கரையிலும் மக்கள் கூடியிருந்தார்கள். விமானம் பறந்துகொண்டிருக்கும்போதே அவருடைய உதவியாளர் இறக்கையின் மேல் ஏறி நடந்தார். ஸ்பெர்ரியோ தம் இரண்டு கைகளையும் மேலே தூக்கிக் காட்டினார். விமானம் சாயவில்லை. மக்கள் வியந்தார்கள்.

1933இல் வைலி போஸ்ட் என்ற அமெரிக்க விமானி இத்தகைய கருவி ஒன்றின் துணையோடு தன்னந்தனியாக உலகத்தைச் சுற்றி வந்தார். எட்டு நாள் முடிவதற்குள் திரும்பிவிட்டார். அவருக்கு ஒரு கண்தான் பார்வை. வழியில் அவர் ஒரு தந்திரம் செய்தாராம். ஒரு திருகுச் சாவியைக் கயிற்றில் கட்டி, கயிற்றின் மறுமுனையை விரலில் மாட்டிக்கொண்டு, சாவியைக் கையில் பிடித்துக்கொள்வாராம். கண்ணயர்ந்தால் பிடி தளர்ந்து சாவி விழும். கயிறு விரலை இழுக்கும். உடனே விழித்துக்கொள்வார். இயந்திரம் தூங்காது, மனிதன் தூங்கிவிடுவான் என்பதை அந்நாளிலேயே அவர் அறிந்திருந்தார்.

உடல் களைத்தவன் தூங்குவதில் வியப்பில்லை. களைப்பில்லாதவனுக்கும் கவனம் தேய்வது ஏன்? இந்தக் கேள்வி இரண்டாம் உலகப் போரின்போது எழுந்தது. பிரிட்டிஷ் விமானங்கள் கடலுக்கு மேலே பறந்து, எதிரியின் நீர்மூழ்கிக் கப்பல்களை ரேடார் கருவியால் தேடின. விமானத்தில் ஒருவர் அந்தக் கருவியின் திரையை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டே இருப்பார். கப்பல் தென்பட்டால் திரையில் சிறு ஒளிப்புள்ளி தோன்றும். பெரும்பாலான நேரம் ஒன்றும் தோன்றாது. நல்ல பயிற்சி பெற்ற வீரர்கள்கூட, புள்ளி தோன்றியும் அதைக் காணத் தவறினார்கள்.

காரணம் என்னவென்று ஆராயும் பொறுப்பு கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த நார்மன் மேக்வொர்த் என்ற அறிஞரிடம் வந்தது. அவர் ஒரு வித்தியாசமான கடிகாரத்தைச் செய்தார். அதில் எண்கள் இல்லை. ஒரே ஒரு முள் மட்டும் உண்டு. முள் நொடிக்கு ஒருமுறை சிறிது நகரும். எப்போதாவது ஒருமுறை இரட்டிப்பாகத் தாவும். அப்படித் தாவும்போது பார்ப்பவர் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு இவ்வளவுதான் வேலை.

முதல் அரை மணி நேரம் நன்றாகவே செய்தார்கள். அதற்குப் பின் தவறுகள் கூடின. கண் திறந்திருந்தது, முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஆனாலும் தாவல் மனத்தில் பதியவில்லை. அரை மணி நேரம் பார்த்து, அரை மணி நேரம் ஓய்ந்து, மறுபடி பார்க்க வைத்தபோது கவனம் குன்றவில்லை. "இப்போது சரியாகச் செய்தாய், இப்போது தவறவிட்டாய்" என்று உடனுக்குடன் சொல்லி வந்தபோதும் குன்றவில்லை. 1948இல் மேக்வொர்த் இம்முடிவுகளை வெளியிட்டார். எத்தனையோ அறிஞர்கள் பின்னர் இதனைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். சலிப்பூட்டும் காவல் வேலையில் கவனம் விரைவிலேயே சரியத் தொடங்கும் என்பது இன்று நிலைபெற்ற உண்மை.

இது எதனால் என்று சற்று யோசிப்போம். ரப்பர் ஆலைக்கு அருகில் குடியிருந்தவர்களுக்கு அதன் நாற்றம் தெரிவதில்லை. வெளியூரிலிருந்து வந்த உறவினர் மூக்கைப் பொத்திக்கொண்டபோதுதான் நாற்றம் என்று ஒன்று இருப்பதே நினைவுக்கு வரும். மாறாமல் இருப்பதை மனம் ஒதுக்கிவிடும். மாறுவதைத்தான் அது கவனிக்கும். மணிக்கணக்காக ஒரே இடத்தில் நிற்கும் முள்ளையும் ஒரே நிறத்தில் எரியும் விளக்கையும் பார்த்துக்கொண்டிருந்தால், மனம் அவற்றை விட்டு வேறிடம் தேடிப் போகிறது. வீட்டு நினைப்பு வருகிறது. கடன் நினைப்பு வருகிறது. கண்ணுக்கு எதிரே முள் நகர்ந்தாலும் பார்ப்பவர் அங்கே இல்லை.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. நம் உடம்புக்குள் ஒரு கடிகாரம் உண்டு. இரவு 2 மணிக்கும் விடிகாலை 6 மணிக்கும் இடையில் அது நம்மைத் தூக்கத்துக்கு இழுக்கும். இருட்டோடு எழுந்து பிரட்டுக்குப் போனவர்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை. ஆனால் மரம் சீவுகிறவர் நடந்துகொண்டே இருக்கிறார். ஒவ்வொரு மரத்திலும் கைக்கும் கண்ணுக்கும் வேலை இருக்கிறது. பட்டையை ஆழமாக வெட்டினால் மரம் கெட்டுவிடும். மேலாக வெட்டினால் பால் வராது. அந்த வேலையே அவரை விழித்திருக்கச் செய்கிறது. நாற்காலியில் அமர்ந்து முள்ளைப் பார்ப்பவருக்கு அந்தத் துணை இல்லை.

மூன்றாவது காரணம் நம்பிக்கை. ஓர் இயந்திரம் ஆயிரம் முறை சரியாக வேலை செய்துவிட்டால், ஆயிரத்து ஓராவது முறையும் சரியாகவே செய்யும் என்று எண்ணிவிடுகிறோம். அது இயல்புதான். ஆனால் இயந்திரம் எவ்வளவு நல்லதோ, அதைப் பார்ப்பவர் அவ்வளவு அசட்டையாகிவிடும் ஆபத்தும் அதில் இருக்கிறது.

இனி, நடந்த சம்பவங்கள் சிலவற்றைப் பார்ப்போம்.

1985ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள், சைனா ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் பெரிய விமானம் ஒன்று தைப்பே நகரிலிருந்து அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகருக்குப் போய்க்கொண்டிருந்தது. அதில் 274 பேர் இருந்தார்கள். பசிபிக் கடலுக்கு மேலே 41,000 அடி உயரம். புறப்பட்டுச் சுமார் பத்து மணி நேரம் ஆகியிருந்தது. விமானம் பறந்த இடத்தில் காலை வேளை. ஆனால் விமானிகளின் சொந்த ஊரில் அப்போது இரவு 2 மணி தாண்டிவிட்டது. அந்த நேரத்தில், நான்கு எந்திரங்களில் வலப்பக்கக் கடைசி எந்திரம் வலுவிழந்தது.

இரண்டு மாடு பூட்டிய வண்டியில் ஒரு மாடு தளர்ந்துவிட்டால் வண்டி அந்தப் பக்கமாகத் திரும்பும். விமானமும் அப்படித்தான் வலப்பக்கம் திரும்பப் பார்த்தது. தானியங்கிக் கருவி ஒன்றும் சொல்லாமல் இடப்பக்கமாகத் திருப்பித் திருப்பித் தாங்கிக்கொண்டிருந்தது. தலைமை விமானியின் கவனம் எந்திரத்தின் மீதும், குறைந்துகொண்டே வந்த வேகத்தின் மீதும் இருந்தது. கருவி தன் சக்தியின் எல்லைக்கு வந்துவிட்டதை அவர் காணவில்லை. கடைசியில் அவர் கருவியை விலக்கியபோது, விமானம் வலப்பக்கம் புரண்டு, மேகத்துக்குள் தலைகீழாகப் பாய்ந்தது. சுமார் 30,000 அடியை இரண்டரை நிமிடத்தில் இழந்தது. மேகத்தை விட்டு வெளியே வந்து, தொடுவானம் கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் விமானி அதை நிமிர்த்தினார். வால் பகுதியில் சில துண்டுகள் பிய்ந்துபோயிருந்தன. நல்லவேளையாக, விமானம் சான் பிரான்சிஸ்கோவில் இறங்கியது. இருவருக்குப் பலத்த காயம்; உயிர்ச்சேதம் இல்லை. விசாரித்த அதிகாரிகள், விமானி தானியங்கிக் கருவியை அளவுக்கு மீறி நம்பியதைக் காரணங்களுள் ஒன்றாகக் குறித்தார்கள்.

அடுத்தது, 2009ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் அமெரிக்காவில் நடந்தது. நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று 144 பயணிகளுடன் சான் டியேகோவிலிருந்து மினியாபொலிஸ் நகருக்குப் போனது. விமானிகள் இருவரும் தங்கள் மடிக்கணினிகளைத் திறந்து வைத்து, வேலை நேரப் பட்டியலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். தரையிலிருந்து வானொலியில் கூப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் பதிலே இல்லை. விமானம் போகவேண்டிய ஊரைக் கடந்து நூறு மைலுக்கு மேல் போய்விட்டது. எப்போது இறங்குவோம் என்று பணிப்பெண் கேட்ட பிறகுதான் அவர்களுக்கு நினைவு வந்தது. இதிலும் யாருக்கும் ஆபத்து இல்லை. ஆனால் இரு விமானிகளின் உரிமமும் பறிக்கப்பட்டது. ஒன்றும் செய்ய வேண்டாத நேரத்தில் மனம் வேறொரு வேலையைத் தேடிக்கொள்ளும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

அதே 2009ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் நடந்ததோ பெருந்துயரம். பிரேசிலிலிருந்து பாரிஸுக்குப் போன ஏர் பிரான்ஸ் விமானம் இரவு நேரத்தில் அட்லாண்டிக் கடலுக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. வேகத்தை அளக்கும் சிறு குழாய்களைப் பனித்துகள் அடைத்துவிட்டது. வேகம் தெரியாததால் தானியங்கிக் கருவி தானாகவே விலகிக்கொண்டது. அமைதியாகப் போய்க்கொண்டிருந்த விமானம் ஒரே நொடியில் மனிதர் கைக்கு வந்தது. திடுக்குற்ற விமானி அதன் மூக்கை மேலே தூக்கினார். மூக்கை மிகவும் தூக்கினால் இறக்கைக்குத் தாங்கும் சக்தி போய்விடும். எச்சரிக்கைக் குரல் திரும்பத் திரும்ப ஒலித்தும், நிலைமை அவர்களுக்கு விளங்கவில்லை. நாலரை நிமிடத்துக்குள் விமானம் கடலில் விழுந்தது. 228 பேரும் மாண்டார்கள்.

இந்த விமானிகள் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. அத்தனை உயரத்தில் விமானத்தைக் கையால் ஓட்டும் பழக்கம் அவர்களுக்கு மிகவும் குறைவு. இப்படி நேரலாம் என்பதை லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற பிரிட்டிஷ் உளவியல் அறிஞர் 1983இலேயே ஒரு கட்டுரையில் விளக்கியிருந்தார். எளிய வேலைகளையெல்லாம் இயந்திரத்திடம் கொடுத்துவிடுகிறோம். மிகக் கடினமான நேரத்தில் மட்டும் மனிதன் கைகொடுக்க வேண்டும் என்கிறோம். ஆனால் நாள்தோறும் செய்யாத வேலை கையை விட்டுப் போய்விடும் என்பதே அவர் சொன்னதன் சாரம். தீட்டாமல் கிடக்கும் கத்தி துருப்பிடிப்பது போலத்தான் கைத்திறனும்.

"அப்படியானால் இந்த இயந்திரங்களே வேண்டாமே!" என்று சிலர் சொல்லலாம். அது சரியாகாது. தானியங்கிக் கருவி களைப்பதில்லை. மேகத்திலும் இருட்டிலும் அதற்குத் தடுமாற்றம் இல்லை. விமானப் பயணம் முன்னைவிடப் பெரிதும் பாதுகாப்பானதற்கு அதுவும் ஒரு காரணம். இயந்திரத்தை வைத்துக்கொண்டே, அதைப் பார்க்கும் மனிதரை விழிப்போடு வைத்திருக்க வழி தேட வேண்டும். என்ன வழிகள் கண்டார்கள்?

முதல் வழி, பார்ப்பதையும் ஒரு வேலையாக்குவது. இரண்டு விமானிகளில் ஒருவர் ஓட்டுகிறவர், மற்றவர் கண்காணிப்பவர் என்று பெயர் சொல்லியே வேலையைப் பிரிக்கிறார்கள். கண்காணிப்பவர் முக்கியமான அளவுகளை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மற்றவர் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். எரிபொருள் எவ்வளவு இருக்கிறது என்று குறித்த இடங்களில் சரிபார்த்து எழுத வேண்டும். ஜப்பானிய ரயில் ஓட்டுநர்களும் இத்தகைய பழக்கத்தைக் கைக்கொள்கிறார்கள். கைகாட்டி விளக்கைக் கண்டதும் அதை விரலால் சுட்டிக்காட்டி, அதன் நிறத்தை உரக்கச் சொல்வார்கள். கண், கை, வாய், காது நான்கும் சேர்ந்து வேலை செய்தால் மனம் ஓடிப்போக இடமில்லை.

இரண்டாவது வழி, ஓய்வு. நெடுந்தூர விமானங்களில் மூன்று அல்லது நான்கு விமானிகள் போகிறார்கள். முறை போட்டுக்கொண்டு படுத்துத் தூங்க அவர்களுக்கு இடமும் உண்டு. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா 1994இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், பறக்கும்போது ஒரு விமானிக்கு 40 நிமிடம் ஓய்வு கொடுத்துப் பார்த்தார்கள். மற்றவர்கள் விழித்திருந்து விமானத்தைக் கவனித்துக்கொண்டார்கள். ஓய்வு பெற்றவர் சராசரியாக 26 நிமிடம் தூங்கினார். விழித்த பின், ஓய்வு பெறாதவர்களைவிட நல்ல கவனத்தோடு வேலை செய்தார். சொல்லிவிட்டு, முறைப்படி தூங்கும் சிறு தூக்கம் நல்லது; சொல்லாமல் வந்துவிடும் தூக்கம்தான் ஆபத்து.

மூன்றாவது வழி, பயிற்சி. விமானிகள் ஆண்டில் இருமுறை தங்கள் திறனைச் சோதித்துக் காட்ட வேண்டும். விமானம் போலவே அமைந்த பயிற்சிக் கூண்டில் அமர்ந்து, எந்திரம் கெடுவதும் கருவி விலகுவதும் போன்ற நிலைமைகளைச் சமாளித்துப் பழகுகிறார்கள். நான்காவது, இயந்திரமே மனிதனைத் தட்டிக் கேட்பது. போயிங் நிறுவனத்தின் பெரிய விமானங்கள் சிலவற்றில், விமானி நெடுநேரம் எந்தப் பொத்தானையும் தொடாவிட்டால் எச்சரிக்கை தோன்றும். அப்போதும் பதில் இல்லையென்றால் ஒலியும் எழும். வைலி போஸ்டின் கயிறு இன்று இந்த வடிவம் எடுத்திருக்கிறது என்று சொல்லலாம்.

விழிப்பும் பயிற்சியும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை நம் பகுதியிலேயே கண்டோம். 2010ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள், குவாண்டாஸ் நிறுவனத்தின் இரட்டை மாடி விமானம் 469 பேருடன் சிங்கப்பூர் சாங்கியிலிருந்து சிட்னிக்குக் கிளம்பியது. சில நிமிடங்களில், பாத்தாம் தீவுக்கு மேலே அதன் எந்திரம் ஒன்று வெடித்தது. துண்டுகள் இறக்கையைத் துளைத்தன. கணினித் திரையில் எச்சரிக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பல பத்துக் கணக்கில் வந்து குவிந்தன. விமானி அறையில் இருந்த ஐவரும் பதறவில்லை. வானத்திலேயே சுற்றிக்கொண்டு, ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தார்கள். இறங்குவதற்கு முன், விமானம் சொன்னபடி கேட்கிறதா என்று கையால் ஓட்டியும் பார்த்தார்கள். விமானம் சாங்கியிலேயே இறங்கியது. அதில் இருந்த எவருக்கும் காயமில்லை.

நேயர்களே, இதில் நமக்கு என்ன பாடம்? செம்பனை ஆலையில் பாய்லர் பார்ப்பவரை நினைத்துக்கொள்வோம். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் சரியாக இருக்கிறதா என்று இரவெல்லாம் அவர் பார்க்க வேண்டும். தண்ணீர் வற்றினால் பாய்லர் வெடிக்கும். நூறு இரவுகள் மட்டம் சரியாகவே இருக்கும். நூற்றோராவது இரவுக்காகத்தான் அவர் அங்கே இருக்கிறார். ஒரு விமானியின் நிலைமையும் அவருடைய நிலைமையும் வேறல்ல.

அவருக்குக் கவனம் குறைந்தால் சோம்பேறி என்று ஏசுவதால் பயனில்லை. மனித மனத்தின் அமைப்பே அப்படி. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடந்து, மட்டத்தை விரலால் சுட்டி, வாய்விட்டுச் சொல்லி, புத்தகத்தில் எழுதட்டும். பார்க்காமலே மொத்தமாக எழுதிவைக்கும் புத்தகத்தால் பயனில்லை. இருவர் இருந்தால் முறை மாற்றிக்கொள்ளட்டும். லோரி ஓட்டுகிறவர், கண் சொக்கும்போது பாட்டை உரக்க வைத்துக்கொண்டு ஓட்டாமல், வண்டியைப் பத்திரமான இடத்தில் நிறுத்திச் சிறிது தூங்கி எழுந்து போகட்டும்.

வீட்டில் இருக்கும் நமக்கும் ஒரு கடமை உண்டு. இரவு வேலை பார்த்து வந்தவர் பகலில் தூங்கும்போது, "பகலெல்லாம் என்ன தூக்கம்?" என்று எழுப்பாதிருப்போம். சன்னலுக்குத் திரை போட்டு, வானொலியின் சத்தத்தைக் குறைத்து, பிள்ளைகளை வெளியே விளையாடச் சொல்வோம். பகலில் அவர் தூங்கும் தூக்கம், இரவில் அவரையும் உடன் வேலை செய்பவர்களையும் காக்கும்.

விழித்திருப்பதும் ஒரு வேலைதான். உழைப்பு என்றால் வியர்வை சிந்த வேண்டும் என்று நினைக்கும் நாம், அசையாமல் இருந்து காவல் காப்பவரின் உழைப்பையும் மதிக்கக் கற்போம்.